லிஸ்பன் மேட்டில் ஒரு மஞ்சள் துணி

போன வருஷம் ஜூன் மாதம். இங்கே நியூசிலாந்தின் ஆக்லாந்தில் மழையும் குளிரும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும் நேரம். ரானுயியில் நாங்கள் இருக்கும் வாடகை வீட்டின் சுவரெல்லாம் ஈரம் பூத்துக் கிடந்தது. அந்தச் சமயத்தில்தான் நானும் என் மனைவியும் போர்ச்சுகல் நாட்டின் தலைநகரமான லிஸ்பனுக்குப் போய் வந்தோம். விசாவில் சுற்றுலா என்று இருந்தது. ஆனால் எனக்கு அங்கே ஒரு வேலை இருந்தது. ஒரு ஜன்னலைக் கண்டுபிடித்து, அந்த வீட்டில் இருப்பவருக்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்லாமல் வந்ததற்கு மன்னிப்பும் கேட்க வேண்டும்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். சொந்த ஊர் தூத்துக்குடி பக்கம். திருப்பூரில் சாயப்பட்டறை, மாலத்தீவில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவுவது, பிறகு சரக்குக் கப்பலில் சமையற்காரருக்கு எடுபிடி என்று போய்க்கொண்டே இருந்தேன். ஓர் இடத்தில் கொஞ்ச காலம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும்.

கொரோனா வந்தபோது எங்கள் கப்பல் லிஸ்பனில் ஆற்றின் நடுவே நங்கூரம் போட்டு நின்றது. அங்கே ஆறு கடலில் சேரும் முன்பு ஏரி போல விரிந்து கிடக்கும். எதிரே மேடு. மேடு முழுக்க வெள்ளையும் மஞ்சளும் ரோஸுமாக வீடுகள், நடுவில் ஒரு பெரிய வெள்ளைக் குவிமாடம். மாதா கோயில் மணிச்சத்தமும் நாய் குரைப்பதும் தண்ணீர் மேல் ஏறி எங்களிடம் வரும். அவ்வளவு பக்கம். ஆனால் இறங்க முடியாது. சரக்கு ஏற்ற உத்தரவு வரவில்லை. எங்களை மாற்ற வேறு ஆட்களும் வரவில்லை. விமானமே ஓடாதபோது எப்படி வருவார்கள்? என் ஒப்பந்தம் முடிந்து பல மாதங்கள் ஆகியும் அங்கேயே கிடந்தேன்.

சோறு இருந்தது, டின் மீன் இருந்தது. பட்டினி என்று சொன்னால் பொய். பேச்சுதான் குறைந்துகொண்டே போனது. இஞ்சின் ரூமில் வேலை செய்த பிலிப்பினோ நண்பன் ஒருவன், எந்நேரமும் பாடிக்கொண்டிருப்பவன், ஒரு கட்டத்தில் வாயைத் திறப்பதையே நிறுத்திவிட்டான். எனக்கு வேறு மாதிரி. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நிற்கும் பழக்கம் வந்துவிட்டது.

காலையில் சமையற்கட்டு வேலை முடிந்ததும் கைத்துணிகளையும் என் லுங்கியையும் துவைத்துக் கப்பலின் பின்பக்கக் கம்பியில் காயப்போடுவேன். சிவப்புக் கட்டம் போட்ட லுங்கி. ஒரு நாள் காயப்போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, மேட்டில் ஒரு ரோஸ் நிற வீட்டின் உச்சியில் மஞ்சள் துணி ஒன்று மேலிருந்து கீழே இறங்கியது. சாயங்காலம் நான் லுங்கியை எடுக்கப் போனபோது அது மேலே ஏறியது. மறுநாளும் அப்படியே. நான் போட்டால் அது இறங்கும், நான் எடுத்தால் அது ஏறும். மழை நாளில் நான் காயப்போட மாட்டேன். அன்றைக்கு அதுவும் இறங்காது.

கப்பலில் மஞ்சள் கொடி என்றால் நோய் விவகாரம். எங்கள் கப்பலும் அங்கே வந்தபோது அதை ஏற்றித்தான் வந்தது. அதனால் அந்த வீட்டில் யாரோ விஷயம் தெரிந்தவர் இருக்கிறார், 'நானும் உன்னைப் போல அடைபட்டுத்தான் கிடக்கிறேன்' என்று மஞ்சள் துணியைக் காட்டிச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்டேன் என்ன, நம்பினேன். அதிகாரியிடம் பைனாகுலர் கேட்டால் கொடுத்திருப்பார். கேட்கவில்லை. வேண்டுமென்றே ஒரு நாள் லுங்கியைத் தாமதமாகப் போட்டுப் பார்க்கலாமா என்றும் தோன்றியது. அதையும் செய்யவில்லை. சில விஷயங்களைக் கிட்டப் போய்ப் பார்த்தால் போய்விடும்.

ஒரு நாள் காலையில் துவைத்த துணியைக் கீழே வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நின்றேன். அன்றைக்கு என் மனம் இருந்த நிலையை விளக்கத் தேவையில்லை. நின்றேன், அவ்வளவுதான். அப்போது ஒரு நினைப்பு வந்தது. லுங்கி போடவில்லை என்றால் அந்த வீட்டில் இருப்பவர் பார்ப்பாரே, இன்றைக்கு ஏன் காணோம் என்று யோசிப்பாரே. குனிந்து வாளியிலிருந்து லுங்கியை எடுத்து உதறிப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் இறங்கியது. நான் சமையற்கட்டுக்குள் போய் வெங்காயம் உரித்தேன்.

அதன்பின் ஒரு விடியற்காலையில் திடீரென்று கிளம்பச் சொல்லி உத்தரவு வந்தது. நான் லுங்கி போடும் நேரத்தில் நாங்கள் ஆற்றைத் தாண்டிக் கடலில் இருந்தோம். அங்கே மஞ்சள் இறங்கியிருக்கும், எதிரே கப்பல் இருந்திருக்காது. அவர் என்ன நினைத்திருப்பார்? அந்தக் கேள்வி என்னோடு எல்லாத் துறைமுகத்துக்கும் வந்தது.

அடுத்த ஒப்பந்தத்தில் நான் ஏறிய வேறொரு கப்பல் ஆக்லாந்தில் பழுதாகி நின்றது. சாப்பாட்டுக்காகக் கோயிலுக்குப் போனேன். வரிசையில் எனக்கு இரண்டாம் தடவை சோறு போட்ட யாழ்ப்பாணத்துப் பெண்தான் இன்று என் மனைவி. அவள் ஹென்டர்சனில் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள், நான் பக்கத்தில் ஒரு பேக்கரியில். எனக்கு அவள் இருக்கிற இடத்தில் கால் அரிக்கவில்லை. ஆனால் அந்த ஜன்னல் மட்டும் விடவில்லை. மழை பெய்யும் ஞாயிற்றுக்கிழமைகளில் எதையோ அடுப்பில் வைத்து மறந்த மாதிரி இருக்கும்.

முதல் முதலாக இருவரும் ஐரோப்பா போகலாம் என்றபோது நான் லிஸ்பன் என்றேன்.

"லண்டன்ல மாமா இருக்கிறார், பாரிசில அக்கா இருக்கிறா, சுவிசில சித்தப்பா இருக்கிறார். எங்கட ஆக்கள்ள ஒரு தலைக்கறுப்பும் இல்லாத ஊருக்குப் போவமெண்டு நிக்கிறியள்."

"எனக்கு அங்க ஆள் இருக்கு."

"பேர் என்ன?"

"தெரியாது."

"ஆம்பிளையோ, பொம்பிளையோ?"

"அதுவும் தெரியாது."

"வடிவான சொந்தம்" என்றாள். ஆனாலும் பெட்டியில் அந்த லுங்கியை நான் மடித்து வைத்தபோது, வெளியே எடுத்துப் போடாமல் தன் சட்டைகளுக்கு நடுவே நகர்த்தி வைத்தாள்.

லிஸ்பன் பெரிய ஊர், பழைய ஊர். சுவர் முழுக்க நீலமும் வெள்ளையுமாக ஓடு பதித்த வீடுகள், சறுக்கும் கல் பாவிய தெருக்கள், மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும் டிராம். ஜூன் மாதத் திருவிழா என்று சந்து முழுக்கக் காகிதத் தோரணம் கட்டி, வாசலிலேயே மீன் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை எங்கள் ஊர்க் கடற்கரையைக் கொண்டுவந்து போட்டது. என் மனைவி கோட்டையைப் பார்த்தாள், தேவாலயத்தைப் பார்த்தாள், முட்டைப் பாலாடை வைத்த பணியாரத்தை நின்றுகொண்டே தின்றாள். நான் ஜன்னல்களைப் பார்த்தேன்.

அங்கேதான் நான் முட்டாளாகிப் போனேன். கப்பலில் இருந்து பார்த்தபோது அந்த வீடு உள்ளங்கை போல் தெரிந்தது. ஊருக்குள் வந்தால் மேடே தெரியவில்லை. படிக்கட்டும் சுவரும் தலைக்கு மேலே ஒரு கீற்று வானமும்தான். எல்லா ஜன்னலிலும் துணி தொங்கியது. மஞ்சள் துணியே எத்தனையோ பார்த்தேன். ஒரு ரோஸ் வீட்டின் முன் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது மேலே இருந்த ஒருவர் ஏதோ கத்தினார்.

மத்தியானத்துக்குள் என் மனைவி முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, உண்மையைச் சொல்லுங்கோ. வீட்டை எப்பிடி அடையாளம் வைச்சனீங்கள்?"

சொன்னேன். என் அப்பா வள்ளத்தில் போனவர். கடலில் மீன் இருக்கும் பாறையை நினைவு வைக்க, கரையில் இரண்டு அடையாளங்களைச் சேர்த்துப் பார்ப்பார்கள். கோபுரத்துக்கு நேரே இன்ன பனை வந்தால் இன்ன பாறை. நான் அதைத் திருப்பி வைத்திருந்தேன். குவிமாடத்தின் ஓரம் ஒன்று, அதற்குக் கீழே ஒற்றையாக நின்ற ஓர் உயரமான மரம் ஒன்று. இரண்டும் ஒரே கோட்டில் வந்தால் நடுவே ரோஸ் வீடு.

"அது தண்ணியில நிண்டாத்தானே தெரியும்?"

நான் ஆறு இருக்கும் திசையைத் தேடினேன், சுவர்தான் தெரிந்தது.

"மீன்பிடிகாரன்ர பிள்ளை. காலமை துடங்கி என்னைக் கல்லில ஏத்தி இறக்கிறார்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை எதிர்க்கரைக்குப் போகும் படகில் ஏறினோம். வேலைக்குப் போகிறவர்கள் போகும் படகு அது. படகு நடு ஆற்றுக்கு வந்ததும் நான் கண்ணாடியோரம் போய் நின்றேன். எங்கள் கப்பல் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் வேறொரு சரக்குக் கப்பல் நங்கூரம் போட்டு நின்றது. அதைத் தாண்டினோம். குவிமாடம் மெல்ல நகர்ந்தது. மரம் நகர்ந்தது. இரண்டும் சேரும் இடம் வந்தது. வெயில் நேராக மேட்டில் அடித்துக்கொண்டிருந்தது. நான் கண்ணாடியில் விரலை வைத்துக் காட்டினேன்.

என் மனைவி போனை நீட்டிப் பெரிதாக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். "மஞ்சள் கிடக்குதப்பா" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பி வந்து அந்தப் படத்தைக் காட்டிக் காட்டி விசாரித்தோம். மேட்டு அடிவாரத்தில் மளிகைக் கடை வைத்திருந்த பங்களாதேஷ்காரர் உற்றுப் பார்த்துவிட்டு, எந்தப் படிக்கட்டு, எந்தக் கதவு என்று காட்டினார். கதவைத் தட்டினேன். எத்தனையோ துறைமுகத்தில் எத்தனையோ அதிகாரிகள் முன் நின்றிருக்கிறேன். அங்கேதான் முதல் தடவையாகச் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டேன்.

அறுபது வயதிருக்கும் ஒரு அம்மா திறந்தார். எங்களைப் பார்த்ததும் கையை ஆட்டி வேகமாக ஏதோ சொன்னார். வாடகைக்கு அறை இல்லை, போங்கள் என்கிறார் என்பது பாஷை தெரியாமலே விளங்கியது. அந்தத் தெருவில் பாதி வீடுகள் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகை வீடாகிவிட்டன. நாள் முழுக்க யாராவது பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து தட்டுவார்கள் போலிருக்கிறது. கதவைப் பாதி சாத்தியும் விட்டார்.

என் மனைவி பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். நியூசிலாந்து வருவதற்கு முன் அவள் பாரிசில் அக்கா வீட்டில் வளர்ந்தவள். கதவு நின்றது. அந்த அம்மாவும் பிரெஞ்சில் பதில் சொன்னார்.

"இவ பாரிசில கனகாலம் ஒரு கட்டடத்தில வாசல் காவலும் துப்புரவும் பாத்தவவாம்" என்று திரும்பிச் சொன்னாள். "எந்தப் பகுதியில இருந்தனீ எண்டு கேக்கிறா. எங்கட அக்கான்ர தெருவுக்குப் பின்தெருவாம்."

எங்களை உள்ளே கூப்பிட்டார். சின்ன வீடு. ஆற்றுப் பக்கம் ஒரு குட்டி பால்கனி. அதன் மேலே கம்பியில் சுருட்டி இறக்கும் மஞ்சள் படுதா. அதற்குக் கீழே சுவரில் ஒரு கூண்டு, கூண்டுக்குள் ஒரு மஞ்சள் குருவி.

அந்த அம்மா படுதாவைத் தொட்டுக்காட்டிச் சொன்னதை என் மனைவி கேட்டாள். கேட்டுவிட்டுக் கூண்டைப் பார்த்தாள்.

"என்ன சொல்றாங்க?"

"சொல்லவே?"

"சொல்லு."

"காலமை வெயில் நேர இஞ்ச அடிக்குமாம். குருவிக்குச் சூடு ஆகாதாம். அதுக்காக இறக்கிறவவாம். பின்னேரம் நிழல் வந்தாப் பிறகு ஏத்திறவவாம்." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்ப இருந்தது இந்தக் குருவி இல்லையாம். இதின்ர முந்தினது."

மழை நாளில் அது ஏன் இறங்கவில்லை என்பதும் அப்போது விளங்கியது. லுங்கி காய்வதற்கும் குருவிக்குச் சூடு ஆகாததற்கும் ஒரே வெயில்தான் காரணம். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். ஒரு குருவியை நம்பித்தான் நான் அத்தனை நாள் இருந்திருக்கிறேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. கப்பல் போன காலையில் யாரும் என்னைத் தேடவும் இல்லை. இத்தனை வருஷம் நான் தூக்கிச் சுமந்த மன்னிப்பை இறக்கிவைக்க அங்கே ஓர் இடம் இல்லை.

"வா, போவோம்" என்றேன்.

"கொஞ்சம் பொறுங்கோ" என்று சொல்லிவிட்டு, என் மனைவி அந்த அம்மாவிடம் பேச ஆரம்பித்தாள். நான் கேட்கச் சொல்லவில்லை, சொல்லச் சொல்லவும் இல்லை. ஆற்றைக் காட்டினாள், கப்பல் நின்ற இடத்தைக் காட்டினாள், இரண்டு கையாலும் துணியை உதறிப் போடுவது போலக் காட்டினாள். பிறகு குரல் தாழ்ந்தது. நான் ஒரே ஒரு தடவை அவளிடம் சொல்லியிருந்த, கம்பியைப் பிடித்து நின்ற அந்தக் காலையைத்தான் சொல்கிறாள் என்று தெரிந்தது. எனக்குத் தெரியாத பாஷையில் என் கதையை இன்னொருவர் சொல்லக் கேட்டு நிற்பது விசித்திரமாக இருந்தது. அது யாருக்கோ நடந்தது போலவும், இப்போதுதான் எனக்கே முதல் தடவையாக நடப்பது போலவும் இருந்தது.

அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"என்ன நிறம் எண்டு கேக்கிறா."

பையிலிருந்து லுங்கியை எடுத்து விரித்தேன். துவைத்துத் துவைத்துச் சிவப்பு வெளுத்து, கட்டம் மட்டும்தான் பாக்கி. அவர் அதை மடியில் வாங்கிப் போட்டுக்கொண்டு, ஆற்றைப் பார்த்தபடி மெதுவாகப் பேசினார். என் மனைவியும் அதே மெதுவில் எனக்குச் சொன்னாள்.

"புருஷன் அதுக்கு முந்தியே செத்திட்டாராம். மகன் பிரான்சில. வரேலாமல் போச்சாம். சாமானை வாசல்ல வைச்சிட்டுப் போவினமாம், முகம் தெரியாதாம். அந்த மாசங்கள் முழுக்க இந்த வீட்டில தனிச்சுத்தான் இருந்தவவாம். குருவியோட மட்டும்தான் கதைச்சவவாம்."

"ம்."

"கப்பல் நிண்டது தெரியுமாம். ஒவ்வொரு நாளும் கண்ணில படுமாம். ஆனால் அதுக்குள்ள ஆக்கள் இருப்பினம் எண்டு யோசிக்கேல்லையாம்."

அந்த அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்து, நேராக எனக்கே ஒரு வாக்கியம் சொன்னார். என் மனைவி என் தோளைத் தொட்டு அதைத் தமிழில் சொன்னாள்.

"ஒருக்கால் வடிவாப் பாத்திருந்தால் எனக்கும் ஒரு ஆள் இருந்திருக்கும் எண்டு சொல்லுறா."

கறுப்புக் காப்பி போட்டுக் கொடுத்தார். குடித்தோம். கிளம்பும்போது லுங்கியை மடியிலிருந்து எடுக்காமலே, இதை இங்கே விட்டுப் போக முடியுமா என்று கேட்டார். கொடுத்துவிட்டு வந்தேன். கீழே படிக்கட்டு இறங்கும்போது என் மனைவி, "உங்களுக்கு ஹென்டர்சன்ல வேற லுங்கி வாங்குவம்" என்றாள்.

ஊரைவிட்டுக் கிளம்பும் நாள் காலையில் இன்னொரு தடவை அந்தப் படகில் போய் வரலாம் என்றேன். நாங்கள் போவது அந்த அம்மாவுக்குத் தெரியாது. குவிமாடமும் மரமும் சேர்ந்த இடத்தில் மஞ்சள் இறங்கிக் கிடந்தது. அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு வெளுத்த சிவப்பு. இரண்டையும் ஒரே இடத்தில் தண்ணீரில் இருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

"பெரிசாக்கிப் பாருங்கோ" என்று என் மனைவி போனை நீட்டினாள். அன்றைக்குப் பைனாகுலர் கேட்காத நான் இந்தத் தடவை வாங்கிப் பார்த்தேன். பால்கனியில் அந்த அம்மா நின்றார். கண்ணுக்கு மேலே கையை வைத்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் படகை அல்ல. நங்கூரம் போட்டு நின்ற அந்தச் சரக்குக் கப்பலை.

இங்கே ரானுயியில் எங்கள் வீட்டுப் பின்வேலியை ஒட்டித்தான் ரயில் போகிறது. துணி காயப்போடும்போது ரயில் வந்தால் முன்பெல்லாம் முதுகைக் காட்டி நிற்பேன். ஊரே பார்க்க லுங்கியோடு நிற்பானேன் என்று. இப்போது கையில் ஈரத்துணியோடு அப்படியே நிமிர்ந்து, ரயில் கடந்து போகும்வரை ஜன்னல் ஜன்னலாகப் பார்க்கிறேன். பெரும்பாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, போனைப் பார்க்கிறார்கள். ஆனாலும் அந்த ஜன்னல்களில் யாரோ ஒருவர் என் கொடியில் கிடக்கும் துணியை நம்பி அன்றைய நாளைத் தள்ளிக்கொண்டிருக்கலாம். அது யாரென்று எனக்குத் தெரியவே போவதில்லை என்பதால்தான், நிமிர்ந்து பார்ப்பதை நான் விடுவதில்லை.